பாவனையிலிருந்து நீக்கப்பட்ட மெனு

கண்டியில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அப்படி நினைப்பதே பெரிய குறை என்று சொல்லித்தரக் கொழும்பிலிருந்து ஒரு சபை வந்து இறங்கியது. மலைநாட்டு உணவக டிஜிட்டல் மெனு தடைநீக்கச் சபை என்பது அதன் முழுப்பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால் ஊர்ச்சனம் அதைத் தடைச் சபை என்று சுருக்கிக்கொண்டது. சுருக்கியதில் அர்த்தம் தலைகீழாகிவிட்டதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சபைக்குக் குளத்தைப் பார்த்தாற்போல ஒரு மாடிக் கட்டடம் கிடைத்தது. கைப்பேசியால் கியூஆர் ஸ்டிக்கரைப் படம் பிடித்து, அதில் வரும் மெனுவைப் பார்த்துச் சாப்பாடு சொல்லும் நாகரிகம் கண்டிக் கடைகளில் ஏன் இன்னும் வரவில்லை, எது தடுக்கிறது என்று கண்டுபிடித்து அந்தத் தடையை அகற்றுவது அதன் பணி. தடை இருந்தால்தானே சபை இருக்கும். ஆகவே தடை தேடுவதில் அது ஒரு குறையும் வைக்கவில்லை. சபையின் சான்றிதழ் இல்லாத கடைக்கு உரிமம் கிடையாது என்றும் அறிவித்துவிட்டார்கள்.

சேதுராமனின் சைவக் கடை குட்செட் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் சந்தில் இருந்தது. பலகையில் எழுதிய பெயர் மழையில் அழிந்து போனதால் எல்லோருக்கும் அது சேது கடை. கலஹாவிலிருந்தும் ஹுன்னஸ்கிரியவிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கும் தோட்டத்துச் சனம், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கச்சேரியில் அரசாங்க அலுவலாக வந்தவர்கள், ஒன்றுக்கும் வராமல் சும்மா வந்தவர்கள் எல்லோரும் அங்கே சாப்பிட்டார்கள். காசு மேசையில் சேதுராமன் இருப்பார். மற்ற எல்லா இடத்திலும் தியாகராஜா இருப்பார்.

தியாகராஜா வேலைக்கு வந்தது சேதுராமனின் அப்பா காலத்தில். இரண்டு பேருக்கும் அப்போது மீசை முளைத்திருக்கவில்லை. சேதுராமனுக்குக் கல்யாணம் ஆகும் வரை கடையின் மேல்மாடி அறையில் இருவரும் ஒரே பாயில் படுத்தவர்கள். தியாகராஜா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பாயையும் மாற்றவில்லை. ஆள் முன்னால் சேதுராமனை மொதலாளி என்பார், தனியாக இருக்கும்போது சேது என்பார். கெட்டிக்கார வேலைக்காரர் என்று சொல்வதற்கில்லை. சமையல் மாஸ்டர் களைத்துவிட்டார் என்று தோன்றினால் மசாலாத் தோசை முடிந்துவிட்டது என்று அடித்துச் சொல்வார். கணக்கில் தப்பு விடுவார். ஆனால் கடைக்குள் நுழைகிற எந்த மனிதனையும் என்ன வேண்டும் என்று அவர் கேட்காமல் விட்டதில்லை. “வாங்க. ஒக்காருங்க. இட்லி இருக்கு, தோசை இருக்கு, பிட்டு இருக்கு...” என்று அவர் ஆரம்பித்தால், வீட்டில் யாரும் ஒன்றும் கேட்காத மனிதர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

சபையிலிருந்து விவரம் எடுக்க வந்தது லோஜினி என்ற இளம் உத்தியோகத்தர். கையில் டேப்லட். நல்ல பிள்ளை. காலையில் சனம் நெரியும் நேரத்தில் வந்துவிட்டதற்காக இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாள்.

“அங்கிள், இப்ப கடையில இருக்கிற மெனு என்ன மாதிரி? காகிதமா, பலகையா, வேற ஏதுமா?”

சேதுராமன் அப்போது மீதிக்காசு எண்ணிக்கொண்டிருந்தார். தூரத்தில் தியாகராஜா ஒரு கிழவருக்குத் தண்ணீர் வைத்தபடி சாப்பாட்டு வகைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் சேதுராமனுக்கு மனம் குளிர்ந்து, பெருமையில் ஒரு வார்த்தை வந்துவிட்டது.

“நம்ம கடையில மெனு எல்லாம் கெடையாது மிஸ். நம்ம தியாகுதான் மெனு.”

லோஜினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே ‘வேறு’ என்பதை அழுத்தினாள். மெனுவின் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. வேறு வழியில்லாமல் தியாகராஜா என்று அடித்தாள். பதிவு ஏறிவிட்டது என்று டேப்லட் ஒரு சத்தம் போட்டது. சபை வாங்கிய அந்தக் கணினி முறைமையில் முன்னால் போக வழி இருந்தது, பின்னால் வர வழி இல்லை. அதைச் செய்தவர்களுக்குத் தங்கள் வேலையில் அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த வாரம் மேசைக்கு மேசை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். சமையலறையில் ஒரு ஸ்கிரீன் மாட்டினார்கள். இனி மாஸ்டர் காதால் கேட்டுச் சமைக்கக் கூடாது, கண்ணால் பார்த்துத்தான் சமைக்க வேண்டும். சந்தில் சிக்னல் கிடையாது. சாப்பிட வந்தவர்கள் சந்து முனைக்குப் போய், மழையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, இடியப்பம் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அவர்கள் கதிரையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். மெனுவை மூன்று மொழிக்கும் மாற்றியது இயந்திரமாம். ரசம் என்று எழுதிக்கொடுத்ததை அது பாதரசம் என்று எடுத்துக்கொண்டு, உட்கொள்ள உகந்ததல்ல என்று சிவப்பில் எச்சரிக்கை போட்டது. பொங்கல் என்ற இடத்தில் ஜனவரி மாதத்தில் மட்டும் என்று வந்தது. இடியப்பத்துக்கு எதிரே ஒரு மின்னல் படம் இருந்தது.

தோட்டத்துச் சனம் ஸ்டிக்கரைப் பார்த்து ஏதோ சாமி எந்திரம் என்று தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தியாகராஜாவின் முகத்தைப் பார்த்தது. அவர் வழக்கம்போல இட்லி இருக்கு, தோசை இருக்கு என்று ஆரம்பித்தார். சனம் சாப்பிட்டது. ஸ்கிரீன் வெறுமையாகவே கிடந்தது.

வெறுமையான ஸ்கிரீன் மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. சேது கடையில் பழைய மெனு இன்னும் பாவனையில் இருக்கிறது, அதுவே தடை, விதிப்படி அதை உடனே பாவனையிலிருந்து நீக்கிச் சபையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. தவறினால் சான்றிதழ் இல்லை, கடை இல்லை.

பழைய மெனுவின் நிலையைப் பதிய மறுபடியும் லோஜினியே வந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மத்தியானக் கூட்டம் கலைந்த நேரம். தியாகராஜா துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க அங்கிள். இது கேட்டே ஆகணும். எங்க அச்சடிச்சது?”

“கலஹா தோட்டத்துல, மேல்கணக்கு லயத்து வீட்டுல,” என்றார் தியாகராஜா.

“எத்தன பக்கம்?”

தியாகராஜா யோசித்தார். ஒரு தடவை திரும்பிக் காட்டினார். “ரெண்டுதான் மிஸ். முன்பக்கமும் பின்பக்கமும்.”

“கிழிசல், மடிப்பு, கறை ஏதும்?”

“முட்டி மடிக்க கஷ்டமா இருக்கு. கறை இந்தச் சட்டையில இருக்கிறது சாம்பார்.”

லோஜினி தலையைக் குனிந்துகொண்டு பதிந்தாள். படம் எடுக்க வேண்டும், முறைமை இரண்டு பக்கமும் கேட்கிறது என்றாள். தியாகராஜா முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து நின்றார். முன்பக்கம் எடுக்கும்போது சிரித்தார். பின்பக்கம் எடுக்கும்போது, “இதுக்கும் சிரிக்கணுமா மிஸ்?” என்று கேட்டார். காசு மேசையில் இருந்த சேதுராமனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

பக்கத்துப் புரியாணிக் கடைத் தாஸிம் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

“சேது மொதலாளி, எங்கட கடையிலயும் மெனு ஈந்திச்சி. தொலஞ்சி போச்சின்னு செல்லிட்டேன். விட்டுட்டானுங்க. நீங்களும் அப்பிடிச் செல்லுங்களேன்.”

“தொலஞ்சி போச்சின்னு எழுதிக் குடுத்துட்டா அப்பறம் தியாகு கடைக்குள்ள நிக்க ஏலாதே தாஸிம் பாய். பாத்தா பிடிச்சிட்டுப் போயிருவாங்களே.”

தாஸிம் தாடியைத் தடவினார். “அதுவும் ஈக்கி,” என்று ஒத்துக்கொண்டு, அதற்கு மேல் யோசனை வராமல் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் சேதுராமன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு குளக்கரைக் கட்டடத்துக்குப் போனார். பணிப்பாளர் நவரட்ணராஜா அவரை மரியாதையாகக் கதிரையில் இருத்தினார். யாழ்ப்பாணத்து ஆள், படித்த மனிதர், மனம் கெட்டவர் இல்லை. மனம் கெட்டவராக இருந்திருந்தால் சேதுராமனுக்குத் திட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

“சார், அவரு மனுசன். சாப்பிடுறாரு, தூங்குறாரு, காய்ச்சல் வந்தா படுத்துக்கிறாரு.”

“ஓம், எனக்கு விளங்குது. என்னைக் கேட்டால் நானும் மனிசன் எண்டுதான் சொல்லுவன். நான் சொல்லி என்ன? கொம்பியூட்டரிலை மெனு எண்டெல்லோ ஏறியிருக்கு.”

“அத அழிச்சிட்டு மாத்திப் போட ஏலாதா?”

“போடலாம், பாருங்கோ. மனிசன் எண்டு போட்டால் அவர் ஊழியர். அப்ப உங்கட கடையிலை முந்தி மெனுவே இருக்கேல்லை எண்டு வரும். மெனு இல்லாத கடை உணவகம் இல்லை. உணவகம் இல்லாத இடத்திலை நீங்கள் இவ்வளவு காலமும் சோறு வித்திருக்கிறியள். அது குற்றம். உங்களை அதுக்குள்ளை மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை.”

சேதுராமனுக்கு இந்த நியாயம் பிடிபடவில்லை. ஏதோ தமக்கு உதவி செய்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

“ஒப்படைச்சா என்னங்க செய்வீங்க அவர?”

“பழைய மெனுவுகளைக் கணக்காய்வு முடியுமட்டும் நாங்கள் பத்திரமா வச்சிருக்கோணும். கீழை ஒரு காட்சிக்கூடம் திறக்கிறம். இருக்கக் கதிரை இருக்கு, படுக்க ஸ்டோர் அறை இருக்கு. வேலை எண்டு நினைக்கச் சொல்லுங்கோ. சம்பளம் மட்டும் குடுக்கேலாது. மெனுவுக்குச் சம்பளம் குடுக்கிற மாதிரி செலவுத் தலைப்பு ஒண்டும் எங்களிட்டை இல்லை.”

அந்த நேரம் பியோன் சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சேது கடைப் பார்சல். நவரட்ணராஜா ஆசையாகப் பிரித்தார்.

“பாத்தியளே, ரசத்தைத் தனியாக் கட்டி, அப்பளம் நொறுங்காமல் மேலை வச்சு. உங்கட தியாகராஜாதான். சிக்னல் இல்லாத இடத்திலை ஸ்டிக்கரைக் கட்டிக்கொண்டு நான் எங்கை மாரடிக்கிறது? பியோனிட்டைச் சொல்லிவிட்டால் அவர் கட்டித் தருவார்.” ஒரு வாய் உண்டுவிட்டு, இடக்கையால் தியாகராஜாவை ஒப்படைக்கும் கட்டளையைச் சேதுராமன் பக்கம் தள்ளினார். “அவர் இங்கை வந்தாப் பிறகு எனக்கு ஆர் இப்பிடிக் கட்டித் தரப்போகினம்?” என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

அன்று கடை மூடிய பிறகு சேதுராமனும் தியாகராஜாவும் மேல்மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். சேதுராமன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உரிமம் போனால் மாஸ்டருக்கும், பாத்திரம் கழுவுகிற இரண்டு பெண்களுக்கும், தம் வீட்டுக்கும் சோறு இல்லாமல் போகும். உரிமம் இருந்தால் தியாகு போவார். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் தாம் பாசத்தில் சொன்ன ஒரு வார்த்தையில்தான் எல்லாம் வந்து நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

“ஏன் சேது, எழவு விழுந்த மாதிரி இருக்க?” என்றார் தியாகராஜா. “நான் போறேன். கடை இருந்தாத்தானே நான் திரும்பி வர முடியும்? கடைய மூடிட்டா ரெண்டு பேரும் எங்க நிக்கிறது?”

“திரும்பி விடுவாங்களா தியாகு?”

“விடாம? பழைய மெனுவ வச்சிக்கிட்டு அவங்க என்ன பண்ணப்போறாங்க.”

சேதுராமன் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தியாகராஜா பாயைச் சுருட்டிக் கட்டினார்.

காட்சிக்கூடத் திறப்பு விழாவுக்குக் கடைக்காரர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் எண்ணெய் பட்ட காகித மெனுக்கள், சோக்கால் எழுதிய பலகைகள். கடைசியில் ஒரு கதிரையில் தியாகராஜா, நெஞ்சில் ஓர் அட்டையோடு. தொடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் பக்கத்தில் எழுதியிருந்தது. நவரட்ணராஜா மைக் முன்னால் நின்று மேடைத் தமிழில் பேசினார்.

“அன்பார்ந்தவர்களே, இந்தச் சபை தொடங்கியபோது நகரில் எத்தனை தடைகள் உள்ளன என்று எவருக்கும் தெரியாது. இன்று தடை இல்லாத ஒரு கடைகூட இல்லை என்ற நிலைக்கு நகரைக் கொண்டுவந்திருக்கிறோம். இதனால் சாப்பிட வருகிறவர்களுக்கு என்ன நன்மை என்று ஒருவர் கேட்டார். சாப்பிட வருகிறவர்களைப் பற்றி எமது பணிப்பாணையில் ஒரு வரியும் இல்லை. எமது பொறுப்பு மெனு மட்டுமே. எமது ஆய்வின்படி டிஜிட்டல் மெனுவுக்கு ஆகப் பெரிய தடை பசி. பசித்தவர் பொறுமை இழக்கிறார், திரையைத் தவறாக அழுத்துகிறார். பசியைக் கட்டுப்படுத்துவது பற்றி வருகிற ஆண்டின் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.”

பலத்த கைதட்டல். பிறகு விருந்து. விருந்தும் ஸ்டிக்கர் வழியாகத்தான் என்பதால், சபையின் முறைமை நூறு கைப்பேசிகளையும் ஒரே நேரத்தில் பார்த்து மிரண்டு படுத்துவிட்டது. வெள்ளைத்துணி விரித்த மேசைகளில் விருந்தினர்கள் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நவரட்ணராஜா மெல்ல நடந்து கதிரையருகே வந்தார். பசி அவர் முகத்தில் தெரிந்தது.

“தியாகராஜா, என்ன இருக்கு?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

பழக்கதோஷம். “இட்லி இருக்கு, தோசை இருக்கு, பிட்டு இருக்கு,” என்று தியாகராஜா எழுந்துவிட்டார். பிறகு சுற்றிலும் பார்த்தார். எதை எடுத்து வருவது, எங்கிருந்து எடுத்து வருவது என்று விளங்கவில்லை. அட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

சேது கடைக்குச் சான்றிதழ் கிடைத்தது. கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்கள். கலஹா பஸ்ஸில் வந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்து, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. சேதுராமனே எழுந்துபோய்க் கேட்டுப் பார்த்தார். சான்றிதழோடு சபை மாட்டியிருந்த ஏதோ கருவி அதைக் கண்டுபிடித்து, அனுமதியற்ற மெனு இயங்குகிறது என்று சமையலறையில் மணி அடித்தது. சனம் பயந்துபோய் எழுந்து போய்விட்டது. கொஞ்ச நாளில் பாத்திரம் கழுவ ஒரு பெண் போதும் என்றாயிற்று. பிறகு மாஸ்டர் தாமே கழுவிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது சேதுராமன் ஒரு பார்சல் கட்டிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனார். வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

“உள்ளே சாப்பாடு கொண்டுபோக ஏலாது ஐயா. கறை பட்டுரும். அதோட மெனு சாப்பிடாதே.”

தியாகராஜா மெலிந்திருந்தார். சபைச் சிற்றுண்டிச்சாலையில் கைப்பேசி இருந்தால்தான் சாப்பாடு. அவரிடம் ஏது? லோஜினி மிஸ் தன் கைப்பேசியில் இரகசியமாகச் சொல்லி ஒரு நேரம் வாங்கித் தருவதாகவும், அவள் லீவு போட்ட நாளில் தண்ணீர் இருப்பதாகவும் அவர் சாதாரணமாகச் சொன்னார். சேதுராமன் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“கணக்காய்வு எப்ப முடியுதாம்?”

“தொடங்கவே இல்லியாம். அத விடு. கடையில இன்னைக்கி என்ன?”

கடையில் அன்று ஒன்றும் இல்லை. அரைத்துவைத்த மாவு இரண்டு பேருக்குக்கூடக் காணாது. அதை எப்படிச் சொல்வது? அதிகம் சொல்லிப் பழகாத சேதுராமன், தியாகு சொல்கிற மாதிரியே சொல்லத் தொடங்கினார்.

“இட்லி இருக்கு. தோசை இருக்கு. பிட்டு இருக்கு. இடியப்பம் இருக்கு. சாம்பார், சம்பல், ரசம் எல்லாம் இருக்கு. நல்ல கூட்டம் தியாகு. ஒக்கார எடமில்ல.”

தியாகராஜா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இவ்வளவு காலத்தில் அவரை உட்காரவைத்து யாரும் இதையெல்லாம் சொன்னதில்லை.

“எனக்கு ஒரு தோசை சொல்லு சேது,” என்றார். “அவசரமில்ல. கூட்டம் கொறஞ்சதும் மெதுவா வரட்டும்.”

“சரி,” என்றார் சேதுராமன்.

குளக்கரையிலிருந்து கடை வரை மழையில் நனைந்துகொண்டே நடந்தார். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகச் சமையலறைப் பக்கம் பார்த்து, “தோசை ஒன்னு,” என்று குரல் கொடுத்தார்.

மாஸ்டர் ஸ்கிரீனைப் பார்த்தார். “வரலியே மொதலாளி. எந்த மேசைக்கு?”

சேதுராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே அடுப்பைப் பற்ற வைத்தார். காசு மேசையிலேயே காலம் போன மனிதர், தோசை சுட்டுப் பழக்கமில்லை. பிய்ந்து பிய்ந்து வந்தது. வந்ததைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு கடை நடுவில் வந்து நின்றார். மேசைகள் எல்லாம் காலியாக இருந்தன. தட்டை எதில் வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்று அழுதார்.